விதியா? விழிவில்லையா?

பார்வை மங்கிய கிழவியிடம், "முன்வினையம்மா, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்றனர். வழி கேட்டவளுக்கு, வெள்ளித் தகட்டில் கண்மலர் வாங்கி உண்டியலில் போடச் சொன்னார்கள். போட்டாள். தட்டானுக்குக் கூலி கிடைத்தது. உண்டியலுக்கு வெள்ளி கிடைத்தது. கிழவிக்குக் கண் கிடைக்கவில்லை. புராணத்தைப் புரட்டினால், திருவொற்றியூரில் சங்கிலியாருக்குத் தந்த வாக்கை மீறிய சுந்தரருக்குக் கண் போயிற்றாம். காஞ்சியிலே ஒன்று, திருவாரூரிலே ஒன்று என இரு தவணையில் திரும்பி வந்ததாம்! பாடத் தெரிந்தவருக்குத் தவணை உண்டு. களை பறிக்க மட்டுமே தெரிந்தவளுக்கு?

அவளுக்கு வந்தது கண்புரை. கருவிழிக்குப் பின்னே, பாசிப்பருப்பினும் பெரிதான ஒரு வில்லை இருக்கிறது. பளிங்குபோன்ற அந்த வில்லையிலுள்ள புரதம், முதுமையால், சில வேளை நீரிழிவால், அடிபட்டதால், முட்டையின் வெண்கரு சூட்டில் வெளுப்பதுபோல வெளுத்து ஒளியை மறிக்கிறது. அவ்வளவே! தருமகர்த்தாவின் கண்ணுக்கும் அது வரும், தெருக்கூட்டுபவரின் கண்ணுக்கும் வரும். அதைக் கரைக்கும் சொட்டு மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. வெளுத்த வில்லையை எடுத்துவிட்டால் ஒளி உள்ளே போகும். இத்துணை எளிய உண்மை ஏழையின் குடிசையை எட்ட எத்தனை காலம் பிடித்தது, எவரால் எட்டியது என்பதுதான் நாம் இங்கே பேச வந்த வரலாறு.

நகரத்து மருத்துவமனையிலிருந்து அதைத் தொடங்கினால் பாதிதான் விளங்கும். ஆகவே, பழனிமலையின் தென்சரிவுக்கு, கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே தொங்குகின்ற வெள்ளகவிக்கு வாசகரை அழைக்கிறோம். கோடை மலையை அளக்க 1821-இல் வந்த ஆங்கிலேயத் துணைப்படைத் தலைவர் வார்டு, இந்தக் குன்னுவர் ஊரிலிருந்துதான் மேலே ஏறினார். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டினர்; சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் அஞ்சி வந்த வெள்ளையரும், அவர்தம் மனைவி மக்களும், நாற்காலியிலும் டோலியிலும் மலையேறினர். சுமந்த தோள்கள் தமிழனுடையவை. பின்னர் வத்தலக்குண்டுப் பக்கமாக மோட்டார் சாலை வந்தது. துரைமார் வண்டியில் ஏறிக்கொண்டனர். டோலி வெள்ளகவிக்கே மிஞ்சியது!

ஆம், துரைகள் இறங்கிவிட்ட டோலியில், நூறாண்டு கழித்தும், வெள்ளகவியின் நோயாளி படுத்தார். கம்பில் போர்வையைக் கட்டி, ஆள்மாற்றி ஆள் தோள் கொடுத்து, மேலே வட்டக்கானலுக்கோ கீழே கும்பக்கரைக்கோ மணிக்கணக்கில் சுமப்பார்கள். பேறுகால வேதனை என்றால் டோலி கட்டுவார்கள். பாம்பு தீண்டினால் கட்டுவார்கள். கண்புரைக்கு எவர் டோலி கட்டுவார்? அது வலிப்பதில்லை, இரத்தம் கசிவதில்லை, ஆளைக் கொல்வதுமில்லை. ஆகவே அது காத்திருக்கும். அறுவடை முடியட்டும், மகன் வரட்டும், மழை ஓயட்டும் என்று, திண்ணையிலே உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஊரெல்லாம் கோயிலாதலால் உள்ளே செருப்பணிவது தகாது என்பது வெள்ளகவியின் வழக்கம். பார்வையுள்ளவன் வெறுங்காலோடு கல்லைத் தாண்டிவிடுவான். புரை விழுந்தவர் என்ன செய்வார் என்று அந்த வழக்கத்தை வகுத்தவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பண்டைக்காலத்தில் இதற்கு மருத்துவமே இல்லையா என்பர் சிலர், சுசுருதரைக் காட்டுவர். காட்டட்டும், மறுக்கவில்லை. கூரிய கோலால் வில்லையைக் குத்தி, கண்ணுக்குள்ளேயே ஒதுக்கித் தள்ளும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் கூறுகிறது. அந்த நாளில் அது அரிய அறிவே. ஆனால் அந்த அறிவு வளர்ந்ததா? ஏட்டிலே இருந்தது பூசைக்குரியதாயிற்று. கையிலே இருந்தது ஊரூராய்த் திரிந்த நாடோடியின் பிழைப்பாயிற்று. குத்தியவுடன் வெளிச்சம் தெரியும், கிழவர் கும்பிடுவார், காசை வாங்கிக்கொண்டு அவன் அடுத்த ஊர் போவான். சில நாளில் சீழ் வைக்கும், அல்லது கண்ணழுத்தம் ஏறி உள்ள ஒளியும் அவியும். சென்னைக் கண் மருத்துவமனையில் பணியாற்றிய எலியட் என்பார், இவ்வாறு கெட்ட கண்களை ஆராய்ந்து, 1917-இல் இலண்டனில் அதுபற்றிச் சொற்பொழிவே ஆற்றினார்.

பிரான்சிலே டாவியேல், 1747-இல், வில்லையை ஒதுக்காமல் வெளியே எடுத்துக் காட்டினார். அன்று தொடங்கியதுதான் இன்றைய அறுவை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி கண்ணோயாளிகளின் குறிப்புகளைப் படங்களுடன் எழுதி வைத்தார். அரசர்களில் அவர் ஒரு விதிவிலக்கு. 1819-இல் சென்னையில் கண் மருத்துவமனை எழுந்தது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக எழும்பூரில் இன்றும் நிற்கிறது. ஆயினும் எழும்பூர் எங்கே, வெள்ளகவி எங்கே! நூற்றைம்பது ஆண்டு மருத்துவர் ஓரிடத்தில் இருந்தார், குருடர் வேறிடத்தில் இருந்தார்.

அந்த இடைவெளியைத் தாண்டப் புறப்பட்டவர் கோ. வெங்கடசாமி. 1918-இல் அயன்வடமலாபுரம் என்னும் கரிசல் சிற்றூரில், உழவர் குடியில் பிறந்தவர். மகப்பேற்றில் உறவுப் பெண்கள் மாண்டதைக் கண்டு மருத்துவம் படித்தார். படையில் சேர்ந்தார், முடக்குவாதம் விரல்களை முறுக்கிப் படுக்கையில் தள்ளியது, 1948-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். பேனா பிடிக்கவே முடியாத கையைப் பழக்கி, தமக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, கண் அறுவை கற்றார். அந்தக் கோணல் விரல்கள் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தன. விதியை நம்புவோர் இதற்கு என்ன பெயரிடுவரோ!

1956 முதல் மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில், அதாவது இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையில், கண் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். நோயாளி வராவிட்டால் நாம் போவோம் என்று ஊர்தோறும் முகாம் நடத்தினார். கலைஞர் கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, 1972-இல், கண்ணொளி வழங்கும் திட்டம் வந்தது. கண் கொடுப்பது தருமவான்களின் தயவு மட்டுமன்று, அரசின் கடமையும் ஆயிற்று. 1976-இல் ஓய்வு பெற்ற வெங்கடசாமி, தங்கை நாச்சியார் முதலிய உடன்பிறந்தாரையும் உறவினரையும் சேர்த்துக்கொண்டு, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புதுச்சேரி ஆசிரமத்து அரவிந்தரிடம் அவர் கொண்ட பற்றுதான் பெயருக்குக் காரணம். அந்தப் பற்றில் நமக்குப் பங்கில்லை. அவருடைய கணக்கில் பங்குண்டு; அது முழுக்க முழுக்கப் பகுத்தறிவுக் கணக்கு.

பணமுள்ளவர் கட்டணம் தருவர். அந்த வருவாயில் இல்லாதவர்க்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ நடக்கும். இருவர்க்கும் கத்தி பிடிப்பவர் ஒரே மருத்துவர்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் ஆயத்தமாயிருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். ஆயத்தம் செய்பவர்கள் யார்? சிற்றூர்ப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்து, அடுப்படிக்கும் ஆரம்பத்திலேயே கலியாணத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கக் கூடிய பெண்கள், பயிற்சி பெற்று அந்த மருத்துவமனையின் முதுகெலும்பாயினர். முன்பு பள்ளிக்கூடத்திலும் சத்திரத்திலும் வைத்தே அறுவை செய்த காலம் உண்டு. கிருமிக்கு அஞ்சி அதை விடுத்து, முகாமில் சோதனை, மருத்துவமனையில் அறுவை என்று மாற்றினர்.

ஆனால் ஒன்று அவர்களையே திகைக்க வைத்தது. அறுவை இலவசம் என்று தண்டோரா போட்டும் பலர் வரவில்லை! மூடநம்பிக்கை என்று நாமும் சட்டென்று சொல்லிவிடுவோம். விசாரித்தபோது வேறு விடை வந்தது. பேருந்துக்குக் காசில்லை. துணைக்கு வரும் மகனுக்கு நாட்கூலி போகும். வெளியூரில் சோற்றுக்கு என்ன செய்வது? இலவசம் என்பது மருத்துவமனைக் கதவுக்கு உள்ளேதான். வெளியே ஒவ்வோரடிக்கும் விலை இருந்தது. பிறகு பேருந்தும் உணவும் தங்கலும் சேர்த்தே கொடுத்தனர், கூட்டம் வந்தது. அப்போதும் பெண்கள் பின்தங்கினர். "எனக்கென்ன, காடு அழைக்கிற காலம்" என்பாள் கிழவி. அவள் தானாகச் சொல்வதல்ல அது. வீடு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

வில்லையை எடுத்தபின் சோடாப்புட்டிக் கண்ணாடி மாட்டினார்கள். அது உடைந்தால் மறுபடியும் குருடே. போர்விமானிகளின் கண்ணில் தெறித்த கண்ணாடிபோன்ற அக்ரிலிக் துண்டு உறுத்தாமல் கிடந்ததைக் கண்ட இலண்டன் மருத்துவர் ரிட்லி, 1949-இல் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். அயல்நாட்டு விலையில் அது ஏழைக்கு எட்டாக்கனி. 1992-இல் மதுரையிலேயே ஆரோலாப் என்னும் ஆலை அமைத்து, விலையைப் பத்திலொரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தனர். மதுரையில் செய்த வில்லை இன்று உலகின் பல நாட்டுக் கண்களில் இருக்கிறது.

1985-இல் தேனியிலும் அரவிந்த் கிளை வந்தது. பெரியகுளத்தில் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். அறுவைக்குச் சில நிமிடங்கள் போதும். அதன்பின் கண்ணில் தூசி படலாகாது. வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். மறுசோதனைக்கு மீண்டும் வர வேண்டும். சமவெளி ஊர்க்காரருக்கு அது இன்னொரு பேருந்துச் சீட்டு. வெள்ளகவியின் முதியவருக்கோ, கும்பக்கரையிலிருந்து மேலே, வேரும் பாறையும் பின்னிய ஒற்றையடிப் பாதையில், ஒரு கண்ணில் வெளிச்சமும் மறு கண்ணில் புரையுமாக, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறும் ஏற்றம். பிறகு, அடுத்த கண்ணுக்காக, அதே பாதையில் இன்னோர் இறக்கம்.