மிதிவண்டிக் கைப்பிடியின் உயரம்

மிதிவண்டிக் கைப்பிடியின் உயரம் என்பது, மிதிவண்டி ஓட்டுபவரின் உடல் எவ்வளவு நிமிர்ந்து அல்லது குனிந்து இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவுகளுள் ஒன்று ஆகும். இது பொதுவாக இருக்கையின் உயரத்தோடு ஒப்பிட்டுக் கூறப்படுகின்றது. பந்தய மிதிவண்டிகளில் கைப்பிடி (ஹேண்டில்பார்) இருக்கையை விடத் தாழ்வாகவும், அன்றாடப் பயன்பாட்டு மிதிவண்டிகளில் அதற்குச் சமமாகவோ உயர்வாகவோ அமைந்திருக்கும். கழுத்து, முதுகு, மணிக்கட்டு ஆகியவற்றின் வலியைக் குறைப்பதற்காகப் பலர் கைப்பிடியை உயர்த்துகின்றனர். எனினும், எவ்வளவு உயர்த்தலாம் என்பது கைப்பிடியைத் தாங்கும் தண்டின் (ஸ்டெம்) அமைப்பைப் பொறுத்தது. அந்த எல்லையை மீறுவது விபத்துக்கு வழிவகுக்கும்.

வரலாறு

1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் மிதிவண்டி, இன்றைய மிதிவண்டி வடிவத்துக்கு முன்னோடியாகும். பின்னர், ஓட்டுபவரை நோக்கிப் பின்புறமாக வளைந்த கைப்பிடியைக் கொண்ட ரோட்ஸ்டர் வகை மிதிவண்டிகள் பிரித்தானியா, நெதர்லாந்து, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் பரவின. இவற்றை நிமிர்ந்து அமர்ந்தபடியே ஓட்ட முடியும். 1963 இல் அமெரிக்காவின் சுவின் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஸ்டிங்-ரே என்னும் சிறுவர் மிதிவண்டி, மிக உயர்ந்த கைப்பிடிக்குப் பெயர் பெற்றது. 1994 இல் கிராண்ட் பீட்டர்சன் கலிபோர்னியாவில் தொடங்கிய ரிவெண்டெல் நிறுவனம், பந்தயத்தில் ஈடுபடாதவர்களுக்கு உயர்ந்த கைப்பிடியே ஏற்றது என்னும் கருத்தை முன்வைத்து மிதிவண்டிகளைத் தயாரித்தது.

நன்மைகளும் குறைகளும்

குனிந்து ஓட்டும்போது உடல் எடையின் ஒரு பகுதியைக் கைகள் தாங்குகின்றன. உள்ளங்கையின் மீது நெடுநேரம் அழுத்தம் இருந்தால், மணிக்கட்டு வழியாகச் செல்லும் அல்நார் நரம்பு நெருக்கப்பட்டுச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகலாம். முன்னால் பார்ப்பதற்குத் தலையைத் தூக்கியபடியே இருப்பதால் கழுத்துத் தசைகளும் களைப்படைகின்றன. கைப்பிடியை உயர்த்தும்போது இத்தொல்லைகள் குறைகின்றன. போக்குவரத்தைக் கவனிப்பதும் எளிதாகின்றது.

மறுபுறம், நிமிர்ந்து அமரும்போது எடை இருக்கையின் மீது கூடுகின்றது. சாலையின் மேடுபள்ளங்களால் ஏற்படும் அதிர்வு நேராக முதுகெலும்பைச் சென்றடைகின்றது. ரோட்ஸ்டர் வகைகளில் அகன்ற, சுருள்வில் பொருத்திய இருக்கை அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். நிமிர்ந்த உடலின் மீது காற்றுத்தடையும் மிகுதியாகும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் இருமடங்கானால் அத்திறன் எட்டு மடங்காகின்றது. எனவே வேகமாக ஓட்டுபவர்கள் தாழ்ந்த கைப்பிடியையே விரும்புகின்றனர்.

தண்டின் வகைகளும் உயர்த்தும் முறையும்

உட்செருகு தண்டு: இது பழைய மிதிவண்டிகளிலும் ரோட்ஸ்டர் வகைகளிலும் காணப்படுகின்றது. தண்டின் அடிப்பகுதி, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் (ஃபோர்க்) குழலுக்குள் இறங்கியிருக்கும். மேலிருந்து செல்லும் நீண்ட போல்ட்டை இறுக்கும்போது, அடியிலுள்ள ஆப்பு குழலின் உட்சுவரோடு இறுகிக்கொள்கின்றது. உயர்த்துவதற்குப் போல்ட்டைச் சில சுற்றுகள் தளர்த்தி, அதன் தலையில் மரச்சுத்தியலால் தட்டினால் ஆப்பு விடுபடும். பின்னர் தண்டை மேலே இழுத்து, முன்சக்கரத்தோடு நேராக்கி மீண்டும் இறுக்க வேண்டும்.

மரையற்ற தண்டு: இது 1990களில் பரவலான அமைப்பாகும். இதில் தண்டு கவைக் குழலின் வெளிப்புறத்தைக் கவ்விப் பிடிக்கின்றது. குழல் தொழிற்சாலையிலோ கடையிலோ அளவாக வெட்டப்பட்டுவிடுவதால் இதை மேலே இழுக்க இயலாது. தண்டுக்கு மேலே இடைவளையங்கள் இருந்தால் அவற்றைக் கீழே மாற்றலாம். சாய்வான தண்டைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துவது மற்றொரு வழியாகும். 100 மி.மீ. நீளமும் 6 பாகைச் சாய்வும் கொண்ட தண்டைத் திருப்பினால் கைப்பிடி ஏறக்குறைய 2 செ.மீ. உயரும். இவை போதாவிடில், கூடுதல் சாய்வுள்ள தண்டையோ மேல்நோக்கி வளைந்த கைப்பிடியையோ பயன்படுத்தலாம். உச்சியிலுள்ள மூடியின் போல்ட், பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்வதற்கு மட்டுமே உரியது. தண்டைப் பிடித்திருப்பவை பக்கவாட்டுப் போல்ட்டுகளே.

கவைக் குழல் சாய்ந்திருப்பதால், அதன் வழியே கைப்பிடி 1 செ.மீ. உயரும்போது ஓட்டுபவரை நோக்கி ஏறக்குறைய 3 மி.மீ. நெருங்கியும் வருகின்றது.

பாதுகாப்பு

உட்செருகு தண்டில், குழலுக்குள் இருக்கவேண்டிய குறைந்த அளவைக் காட்டும் கோடு பொறிக்கப்பட்டிருக்கும். இக்கோடு வெளியே தெரியுமளவுக்குத் தண்டை உயர்த்துதல் கூடாது. அவ்வாறு உயர்த்தினால் தண்டு முறியலாம், அல்லது கவைக் குழல் விரிசலடையலாம். இரண்டுமே ஓடும்போது திடீரென நிகழக்கூடியவை. கோட்டுக்கு மேலும் உயரம் தேவைப்படுவோர் நீளமான தண்டை வாங்கிப் பொருத்துவதே முறையாகும்.

பிரேக், கியர் கம்பிகளின் நீளமும் கவனிக்கத்தக்கது. கைப்பிடியை உயர்த்திய பின் கம்பி குறுகலாக இருந்தால், திரும்பும்போது அது இழுபட்டு பிரேக் தானாகப் பிடிக்கக்கூடும். ரோட்ஸ்டர் வகைகளில் கம்பிக்குப் பதிலாக இரும்புக் கோல்கள் பிரேக்கை இயக்குவதால், கைப்பிடியை உயர்த்தும்போது கோல்களின் இணைப்புகளையும் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தல் வழக்கம். சக்கரம் அசையாமல் கைப்பிடி மட்டும் திரும்பினால் இறுக்கம் போதவில்லை என்று அறியலாம். கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பிக் கம்பிகள் இழுபடவில்லை என்பதையும், பிரேக் சரியாகப் பிடித்து விடுகின்றது என்பதையும் உறுதிசெய்த பின்னரே ஓட்ட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

மிதிவண்டி
ரோட்ஸ்டர் மிதிவண்டி
காற்றுத்தடை