ஒரு திவாலும் ஒரு வங்கியும்

இந்தியன் வங்கி பிறந்ததற்குக் காரணம் ஒரு திவால் என்பது தெரியுமா?

1906 அக்டோபர் 22. மதராஸின் பெரிய ஆங்கிலேய நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரர் கம்பெனியில் பணம் பத்திரமாக இருக்கும் என்று நம்பி, ஆயுள் சேமிப்பைப் போட்ட பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பிறகு முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார்.

பணத்தை இழந்தவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் வழக்கோடு நிற்கவில்லை. நம்மவர் பணத்தை நம்மவரே நிர்வகிக்கும் வங்கி வேண்டும் என்று களத்தில் இறங்கினார். சுதேசி உணர்வு பொங்கிய காலம் அது. கொடுக்கல் வாங்கலில் கைதேர்ந்த நகரத்தார்களும் கை கொடுத்தார்கள். பத்தே மாதத்திற்குள், 1907 ஆகஸ்ட் 15 அன்று, இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது.

கூடிச் சேமிப்பது மயிலாப்பூருக்குப் புதிதல்ல. மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட் 1872-லேயே தோன்றிவிட்டது. இந்த நிதியில் உறுப்பினர்களின் சேமிப்பே உறுப்பினர்களுக்குக் கடனாகப் போகும். கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வட்டத்துக்குள் இருப்பார்கள்.

கணக்குப்பதிவியலில் நற்பெயரும் ஒரு சொத்துதான். ஆனால் அர்பத்நாட்டிடம் கடைசியில் வெறும் பெயர்தான் மிஞ்சியிருந்தது. பெரிய பெயரைப் பார்த்துப் பணம் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணக்கையும் கேட்டுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?