ஒன்றாம் புத்தகம், மூன்றாம் புத்தகம்

மேல்விஷாரத்துக்காரர் தர்மத்தை ஊரறியச் செய்வார். கணக்கை ஊரறியப் பேசமாட்டார். தோல் வியாபாரத்தில் பொருள் ஈட்டிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் கட்டிய சித்தீக் சராய் சென்னை சென்ட்ரல் அருகே நிற்கிறது. 1965இல் தொடங்கிய எங்கள் ஊர்க் கல்லூரிக்கு அவர் பெயர்தான். ஆனால் எந்தத் தோல் ஷாப்பில், அதாவது பதனிடும் ஆலையில், யாருக்கு எத்தனை பங்கு என்று நாலு பேர் நடுவில் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இதில் கள்ளம் எதுவும் இல்லை. கச்சாத் தோலைக் கடனுக்கு வாங்கி, பதனிட்டு, பெரியமேட்டு மண்டிக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிற தொழில் இது. முதலாளியின் கை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே விலை மாறும்.

நான் இங்கே பத்திரம் எழுதுகிறவன். என்னிடம் வருகிறவர்கள் முதலில் முத்திரைத்தாள் செலவைக் கேட்பார்கள். அடுத்து குரலைத் தாழ்த்தி, “இது யார் யார் கண்ணுக்குப் படும்?” என்பார்கள். வயதான ஹாஜியார் சிலருக்குச் சட்டமே அத்துப்படி. “இது ஒன்றாம் புத்தகமா, மூன்றாம் புத்தகமா?” என்று நேராகவே கேட்பார்கள்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வகுத்த புத்தகங்கள் அவை. ஒன்றாம் புத்தகம் அசையாச் சொத்துக்கு. கட்டணம் கட்டிக் கேட்கிற எவரும் பார்க்கலாம். மூன்றாம் புத்தகம் உயிலுக்கு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய ஏஜெண்டுக்கும் மட்டுமே நகல். பெற்ற பிள்ளை கேட்டாலும் கிடையாது. நான்காம் புத்தகத்தில் பதிவாகும் இதர பத்திரங்களின் நகல், எழுதிக் கொடுத்தவருக்கும் அதன்படி உரிமை கோருகிறவருக்கும்தான். இத்தனையும் 57ஆம் பிரிவில் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. நிலம் வாங்குகிறவன் ஏமாறாமல் இருக்க ஒரு புத்தகம் திறந்திருக்கிறது. சாவுக்கு முன்பே வீட்டில் சண்டை மூளாமல் இருக்க இன்னொன்று மூடியிருக்கிறது. நூறாண்டு தாண்டியும் இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

நோட்டரியின் கதை வேறு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மதராஸ் தோல் கப்பலேறி லண்டனுக்குப் போன காலத்தில் வியாபாரம் பில் என்னும் மாற்றுச் சீட்டில் நடந்தது. வெளிநாட்டு பில் மறுக்கப்பட்டால் நோட்டரியிடம் போய் ‘புரோட்டஸ்ட்’ என்னும் மறுப்புச் சான்று எழுதி வாங்க வேண்டும். நோட்டரிக்கு முழு அதிகாரம் கொடுத்தவர் இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயரின் கீழ் இருந்த மாஸ்டர் ஆஃப் ஃபேகல்டீஸ். இன்று செக் பவுன்ஸ் வழக்கென்றால் நினைவுக்கு வரும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, ஒருகாலத்தில் நோட்டரி நியமனத்துக்கான பிரிவு. 1952இல் தனி நோட்டரிச் சட்டம் வந்தபோது அது நீங்கியது. காலியான எண்ணில் 1989 ஏப்ரல் முதல் செக் வழக்கு வந்து உட்கார்ந்தது.

அந்த 1952 சட்டமும் 1956 விதிகளும் நோட்டரியைப் பதிவேடு வைக்கச் சொல்கின்றன. மாவட்ட நீதிபதி அதைப் பார்வையிடவும் வழி வைத்திருக்கின்றன. கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று தனிக் கட்டளை மட்டும் இல்லை. பிரான்ஸில் 1803ஆம் ஆண்டுச் சட்டமே, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சம்பந்தப்படாதவருக்குப் பத்திர விவரத்தைச் சொல்லக் கூடாதென்று நோட்டரியைக் கட்டிப்போட்டது. நம் நாட்டில் வக்கீலிடம் சொன்னதற்கு 1872 சாட்சியச் சட்டம் பாதுகாப்பு கொடுத்தது. அவருடைய குமாஸ்தாவுக்கும் அது பொருந்தியது. அந்த வரிசையில் நோட்டரியும் இல்லை, பத்திர எழுத்தரும் இல்லை. எங்கள் வாயைக் கட்டியது ஊர் நம்பிக்கை ஒன்றுதான்.

“யார் கண்ணுக்குப் படும்?” என்ற அதே கேள்வி, ஒரே ஆள் முதலாளியாக இருக்கும் தனி ஆள் கம்பெனியிலும் எழுகிறது. அதற்கு அடித்தளம் போட்ட வழக்கு ஒரு தோல்காரருடையது. லண்டன் வைட்சாப்பலில் பூட்ஸ் தொழில் செய்த ஆரன் சாலமன் தன் கடையைக் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும். மனைவி, மகள், நான்கு மகன்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. மீதி 20,001 பங்கு அவருக்கு. கம்பெனி நொடித்தது. சரக்கு கொடுத்தவர்கள் அவரைப் பிடித்தபோது, கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் 1913 சட்டம் பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு பேர் போதும் என்றது. ஒருவரே போதும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்ல, 2014 ஏப்ரலில் ஒன் பெர்சன் கம்பெனி நடைமுறைக்கு வந்தது.

சிக்கல் இங்கேதான். தனி முதலாளி இறந்தால் கம்பெனியை ஏற்கும் நாமினியின் பெயரை, கம்பெனியின் அமைப்புப் பத்திரமான மெமோராண்டத்திலேயே எழுத வேண்டும். அது பதிவாளரிடம் போகிறது. 100 ரூபாய் கட்டினால் யாரும் பார்க்கலாம். மூன்றாம் புத்தகத்தில் சட்டமே மூடிவைத்த கேள்வியை இங்கே சட்டமே திறந்துவிடுகிறது. முஸ்லிம் குடும்பத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மற்றதெல்லாம் மார்க்கம் வகுத்த பங்கின்படிதான். மூத்தவன் பெயரை நாமினியாகப் பார்த்த இளையவன், அப்பா எல்லாவற்றையும் அவனுக்கே எழுதிவிட்டார் என்றுதான் நினைப்பான். பங்குகளுக்கு நாமினி போட்டால் வாரிசுரிமை அழிந்துவிடாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மனம் முறிந்துவிடுகிறது.

மெமோராண்டத்தில் கையெழுத்திடுபவரின் வீட்டு முகவரியும் சேர்ந்தே வெளியே போகிறது. கம்பெனி வேண்டாம், சொந்தப் பெயரிலேயே தொழில் செய்கிறேன் என்றாலும் தப்ப முடியாது. கடைப் பலகையில் எழுதியே ஆகவேண்டிய ஜிஎஸ்டி எண்ணின் நடுப் பத்து எழுத்துகள் அவருடைய சொந்த பான் எண். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே கைகொடுக்காது. வேறொரு சட்டத்தின் கட்டாயத்தால் பகிரங்கமான தகவலுக்கு அது பொருந்தாது.

எல்லாவற்றையும் மூடச் சொல்லவில்லை நான். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நம் தோல் தொழிலைப் பார்த்துத்தான் சொன்னது. 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக மீண்டும் சொல்ல நேர்ந்தது. ஷாப்பின் சொந்தக்காரர் யார் என்பது மூடிக் கிடந்தால், கிணறு கெட்ட விவசாயி யாரிடம் ஈடு கேட்பார்? கச்சாத் தோலைக் கடனுக்குக் கொடுத்தவரும் சம்பள பாக்கி நிற்கும் தொழிலாளியும் யார் வாசலில் போய் நிற்பார்கள்? தன் கடனுக்கு எல்லை போட்டுக்கொண்டவர் தன் பெயரை ஒளிக்கக் கூடாது.

பெயர் வேறு, வீட்டுக் கதவு எண் வேறு. 2022 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் லக்சம்பர்க் வழக்கில், கம்பெனியின் உண்மைச் சொந்தக்காரர் விவரத்தை எல்லாருக்கும் கட்டுப்பாடின்றித் திறப்பது தனியுரிமைக்கு எதிரானது என்றது. சாலமன் கடை வைத்திருந்த லண்டனிலேயே 2009 அக்டோபர் முதல் டைரக்டர் தபால் பெறும் முகவரியை மட்டும் பகிரங்கமாகக் காட்டினால் போதும். வீட்டு முகவரி பதிவாளரிடம் பூட்டில் இருக்கும். நம் கம்பெனிப் பதிவாளரும் அப்படிச் செய்யலாம். உரிமையாளர் பெயர், கடன், அடமானம், தொழில் நடக்கும் இடம் ஆகியவை எவரும் பார்க்கும்படி இருக்கட்டும். வீட்டு முகவரியும் நாமினி பெயரும் உரியவருக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும் திறக்கட்டும். இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவைக் கம்பெனிச் சட்டத்துக்கும் கொண்டுவந்தால் போதும்.