தறி முதல் செயற்கை நுண்ணறிவு வரை: எந்திரம் யாருடைய வேலையை எடுக்கிறது?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகில் உள்ளது திருப்புட்குழி. அங்கிருந்து கிழக்கே வந்தால் காஞ்சிபுரத்தின் பட்டுத் தறிகள். இன்னும் கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகள். அங்கே கார்களின் இரும்புப் பாகங்களை ரோபோக்கள் பற்றவைக்கின்றன. செயற்கை நுண்ணறிவு நம் பிள்ளைகளின் வேலையைப் பறித்துவிடுமா என்று கேட்போர், இந்தச் சாலையோர ஊர்களின் வரலாற்றை முதலில் பார்ப்பது நல்லது.

கணினிக்கு முன்னோடி ஒரு தறி

1804-இல் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறிக்கருவியை உருவாக்கினார். அட்டையில் துளை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே எழும்; இல்லாவிட்டால் எழாது. புட்டா, முந்தானை வேலைப்பாட்டுக்கு இழைகளைத் தூக்கிக் கொடுத்த உதவியாளின் வேலையை இந்த அட்டைகள் செய்தன. இதே அட்டை முறையைத்தான் 1830-களில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பு எந்திரத் திட்டத்தில் சேர்த்தார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் துளை அட்டைகளைக் கொண்டு நடந்தது. இன்று எல்லோரும் பேசும் ‘அல்காரிதம்’ என்ற சொல்லோ, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது.

காஞ்சியில் நடந்த மாற்றம்

முன்பு சேலை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளையிடுவார்கள். இப்போது கணினியில் வரைகிறார்கள். மின்னணு ஜக்கார்டு வந்த இடங்களில் அட்டையே தேவையில்லை. படம் வரையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், புதிய டிசைன்களை நொடியில் தருகின்றன. முதலில் ஆட்டம் காண்பது தாளில் வரைபவர், அட்டை குத்துபவர் வேலைகளே.

நெய்யும் கை அவ்வளவு எளிதில் போகவில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இணையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். ஆனால் அதே டிசைனை விசைத்தறியில் ஓட்டி, ‘காஞ்சிப் பட்டு’ என்று குறைந்த விலைக்கு விற்க முடிகிறது. நெசவாளியின் கூலியை அடிப்பது இந்தப் போட்டிதான்.

இதைத் தடுக்கச் சட்டம் உண்டு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, தற்போது 11 வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நாடு முழுவதும் 1995-இல் சுமார் 65 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள், 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாகவும், 2019-20-இல் 35.22 லட்சமாகவும் குறைந்தனர். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

நம் வீடுகளுக்கும் இது புதிதல்ல. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில், லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் கோரைப் புல்லில் நெய்யும் பாய்க்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு அந்தத் தொழில் சுருங்கிவிட்டது.

இம்முறை யாருக்கு?

பழைய எந்திரங்கள் பெரும்பாலும் கைவேலையைத் தொட்டன. செயற்கை நுண்ணறிவு எழுத்து, கணக்கு, மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளர் சேவை ஆகியவற்றைத் தொடுகிறது. உலகின் வேலைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இதன் தாக்கத்துக்கு உட்படும் என்று 2024 ஜனவரியில் பன்னாட்டு நிதியம் மதிப்பிட்டது. 2030-க்குள் 9.2 கோடி வேலைகள் மறையும், 17 கோடி புதிய வேலைகள் உருவாகும் என்கிறது உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை. கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் வேலை இழப்பவரும் புதிய வேலை பெறுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. ஐம்பது வயது நெசவாளிக்கு, வேறொரு ஊரில் இருபத்திரண்டு வயது இளைஞருக்குக் கிடைக்கும் கணினி வேலை எந்த ஆறுதலையும் தராது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

• பிள்ளைக்குப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த வேலையில் எந்தப் பகுதி ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது என்று பாருங்கள். எந்திரம் முதலில் எடுப்பது அதைத்தான்.

• கைத்தொழில் தெரிந்த வீடுகளில், அதைக் கைவிடாமல் கணினியில் டிசைன் வரைவதையும் இணையத்தில் நேரடியாக விற்பதையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். இடைத்தரகருக்குப் போகும் பங்கு வீட்டுக்கு வரும்.

• பட்டு வாங்கும்போது கைத்தறி முத்திரையையும் சில்க் மார்க்கையும் கேட்டு வாங்குங்கள். சில்க் மார்க் சொல்வது பட்டு அசல் என்பதை மட்டுமே. கையால் நெய்தது என்பதற்குக் கைத்தறி முத்திரைதான் சான்று.

எந்திரம் உழைப்பைக் குறைப்பது நல்லதே. தறியில் நாள் முழுதும் மிதித்துக் கால் ஓய்ந்தவருக்கு, ஜக்கார்டைத் தூக்கித் தரும் மோட்டார் ஒரு நிம்மதி. அதனால் மிச்சமாகும் நேரமும் பணமும் தறியில் உட்கார்ந்தவருக்குச் சேருகிறதா, முதலாளிக்கு மட்டும் போகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.