கோட்டைப்பட்டினத்தில் சொத்து முதலீடு

வாடகையையோ விலை ஏற்றத்தையோ எதிர்பார்த்து நிலத்திலும் கட்டடத்திலும் பணம் போடுவது சொத்து முதலீடு. புதுக்கோட்டை மாவட்டத்தில் பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த கோட்டைப்பட்டினத்தில் அதற்கான பணம் முக்கியமாக இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று விசைப்படகு மீன்பிடி, மற்றொன்று வெளிநாட்டில் வேலை செய்யும் சபராளிகள் அனுப்பும் தொகை.

பணம் திரட்டுதல்

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கலாம்; அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். 20 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 18,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 43 லட்சத்தைத் தாண்டிவிடும். அதில் 23 லட்சம் வட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தவணைக்கு அந்த விடுமுறை கிடையாது.

வட்டி மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதால் வங்கிக் கடனையே தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. இவர்கள் கையில் சேரச் சேர வீட்டைப் பகுதி பகுதியாகக் கட்டுகிறார்கள். இந்தியாவில் இஸ்லாமிய வங்கிச் சேவையைத் தொடங்கும் யோசனையை ரிசர்வ் வங்கி 2017இல் கைவிட்டது. எஞ்சுவது ஒத்தி: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அதே தொகையைத் திரும்ப வாங்குவது. அந்த அனுபவமும் வட்டியே என்று சொல்லும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்கிறார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி ஒத்தி அடமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டால் வழக்கில் நிற்காது.

பத்திரமும் பாகமும்

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 மார்ச் முதல் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மனைக்கு இவை மட்டும் 90,000 ரூபாய்.

தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகிய நான்கும் சரியாக இருந்தாலும் இங்கே ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும். முஸ்லிம் சட்டப்படி வாய்மொழியாகத் தரும் ஹிபா (கொடை), சொத்தை ஒப்படைத்துவிட்டால் பதிவில்லாமலே செல்லும். வில்லங்கச் சான்றில் அது வராது. வாரிசுரிமையில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. ஆகவே அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பத்திரத்தில் அக்கா தங்கைகளின் பாகம் அப்படியே நிற்கும். வாரிசு ஒருவர் துபாயில் இருந்தால் அங்கே எழுதிச் சான்றளித்த அதிகாரப் பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும்.

கடலோரமும் வயலும்

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991இல் வந்தன. 2019 அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் மக்கள் நெருக்கம் 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டரையும், குறைவாக இருந்தால் 200 மீட்டரையும் கட்டுமானத் தடைப் பகுதியாக வைக்கிறது. கடல் தெரியும் மனை என்று விற்பவர் காட்ட வேண்டியது கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தை.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் இவ்வூர் அமைந்த மணமேல்குடி ஒன்றியமும் அடங்கும். அச்சட்டம் தடுப்பது ஹைட்ரோகார்பன் போன்ற குறிப்பிட்ட தொழில்களைத்தான், வீட்டை அல்ல. வயலைக் கூறுபோட்டு விற்கும் மனைகளுக்கோ வேறு தடை இருக்கிறது: அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது, மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் வேண்டும்.

சபராளியின் கணக்கு

வெளிநாடுவாழ் இந்தியர் வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பணம் வங்கி வழியே வர வேண்டும். வாங்கி 24 மாதங்களுக்குப் பின் விற்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி, அதன்மேல் கூடுதல் தீர்வைகள். விற்பவர் வெளிநாடுவாழ்வோர் என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்குபவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். மீதித் தொகையை விற்பவர் தம் என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ்வோர் சாதாரண ரூபாய்) கணக்கிலிருந்து, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்புக்குள், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம்.