ஒற்றை எலக்ட்ரான் டிரான்சிஸ்டர்

ஒற்றை எலக்ட்ரான் டிரான்சிஸ்டர் என்பது எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கடத்தும் மின்னணுச் சாதனம். நடுவில் ‘தீவு’ எனப்படும் நுண்ணிய உலோகத் துண்டு. அதன் இருபுறமும் எலக்ட்ரான் குவாண்டம் முறையில் ஊடுருவக்கூடிய அளவுக்கு மெல்லிய மின்காப்புப் படலங்கள். அருகே, தீவைத் தொடாமல், ‘வாயில்’ எனும் மூன்றாவது மின்முனை. தீவில் ஓர் எலக்ட்ரான் ஏறிவிட்டால் அதன் மின்னூட்டமே அடுத்ததை ஏறவிடாது. இது கூலும் தடை. வாயிலின் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தடை விலகும், மீண்டும் வரும், மறுபடி விலகும். மின்னோட்டமும் சீரான இடைவெளியில் ஏறி இறங்கும்.

இத்தனைக்கும் கடுங்குளிர் வேண்டும். தீவின் மின்தேக்குத்திறன் 1 ஃபெம்டோஃபாரட் என்றால், ஓர் எலக்ட்ரானை ஏற்றச் செலவாகும் ஆற்றல் சுமார் 80 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். வெப்பநிலைக் கணக்கில் இது 1 கெல்வினுக்குச் சற்றுக் குறைவு. வெப்ப அலைக்கழிப்பு இதைவிட மிகக் குறைவாக இருந்தால்தான் தடை தெளிவாகத் தெரியும். அறை வெப்பநிலையிலேயே இயங்க வேண்டுமானால் தீவு சில நானோமீட்டர் அளவுக்குச் சுருங்க வேண்டும். ஒவ்வொரு படலத்தின் மின்தடையும் 25.8 கிலோ ஓமைவிடக் கணிசமாக அதிகமாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இல்லாவிட்டால் எலக்ட்ரான் தீவில் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதே தெளிவற்றுப் போகும்.

இந்தத் தடையை முதலில் ஊகித்தவர் நெதர்லாந்தின் கோர்ட்டர். சிறுசிறு மணிகளாகத் துண்டுபட்ட உலோகப் படலங்களின் மின்தடை குளிரில் எகிறுவதற்கு, மணிக்கு மணி எலக்ட்ரான் தாவும் ஆற்றல் செலவே காரணம் என்று 1951இல் விளக்கினார். 1968இல் கியேவரும் செல்லரும் ஆக்சைடில் பதிந்த வெள்ளீய மணிகளில் இதை அளந்தார்கள். ஆனால் அவர்கள் கண்டது எண்ணற்ற மணிகளின் சராசரியை. தனியொரு மணியைப் பிடித்து ஆராய வழியில்லை. 1980களின் நடுவில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் அவெரினும் லிகாரெவும் முழுமையான கோட்பாட்டை வகுத்தார்கள்.

எஞ்சியது செய்முறை. அதற்குக் கைகொடுத்தது டோலன் 1977இல் வெளியிட்ட உத்தி. பாலிமர் பூச்சில் அந்தரத்தில் நிற்கும் ஒரு குறும்பாலத்தைச் செதுக்குவார்கள். வெற்றிடத்தில் ஒரு சாய்வில் அலுமினிய ஆவியைப் படியவிட்டு, சிறிது ஆக்சிஜனை உள்ளே விட்டு மேற்பரப்பை ஆக்சைடாக்கி, பிறகு வேறு சாய்வில் மீண்டும் அலுமினியத்தைப் படியவிடுவார்கள். பாலத்தின் நிழல் இரண்டு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுவதால், இரு படிவுகளும் ஒரு சிறு விளிம்பில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று அமரும். இடையில் ஆக்சைடுப் படலம் உள்ள அந்த விளிம்புதான் எலக்ட்ரான் ஊடுருவும் சந்தி. 1987இல் பெல் ஆய்வகத்தில் ஃபுல்டனும் டோலனும் இவ்வாறு பக்கத்துக்குச் சுமார் 30 நானோமீட்டர் அளவுள்ள சந்திகளை அமைத்து, முதல் ஒற்றை எலக்ட்ரான் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். 1989இல் எம்ஐடியில், குறுகிய சிலிக்கான் தடமொன்றில் யாரும் எதிர்பாராமலேயே இதே ஏற்ற இறக்கம் தென்பட்டது. குறைக்கடத்தியில் அமையும் இத்தகைய தீவுகளான ‘குவாண்டம் புள்ளி’களின் ஆய்வு அதன்பின் சூடுபிடித்தது.

கணினிச் சில்லுகளில் இது இடம்பிடிக்கும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. குளிரைவிடப் பெரிய இடையூறு, அடித்தளப் பொருளில் சிக்கிய வேண்டாத மின்னூட்டங்கள். அவற்றில் ஒன்று இடம் மாறினாலும் டிரான்சிஸ்டரின் நிலை மாறிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டியிருக்கும். இந்தக் குறையே அளவியலில் நிறையானது: எலக்ட்ரான் மின்னூட்டத்தில் ஒரு சிறு பின்னத்தைக்கூட உணரும் மின்னூட்டமானியாக இது நிலைபெற்றது. 1998இல் ஷோல்காஃப் குழுவினர் இதை வானொலி அதிர்வெண்ணில் இயக்கி வேகத்தையும் கூட்டினார்கள்.

எலக்ட்ரான்களை எண்ணித் தள்ளும் ‘எலக்ட்ரான் பம்ப்’ இதன் உறவுச் சாதனம். 2019 மே 20 முதல் எலக்ட்ரான் மின்னூட்டத்துக்கு நிலையான மதிப்பு தந்தே ஆம்பியர் வரையறுக்கப்படுவதால், பம்ப் அந்த வரையறையை நேரடியாகவே செயல்படுத்துகிறது. ஆனால் நொடிக்கு 100 கோடி எலக்ட்ரான்களைத் தள்ளினாலும் கிடைப்பது சுமார் 160 பிகோ ஆம்பியர்தான்.