பணியிடக் காப்பகத்திலிருந்து கல்விப் படி வரை: நெய்வேலியை முன்வைத்துக் குழந்தை வளர்ப்புச் செலவுக்கான உதவியின் வரலாறு

வேலைக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தை வளர்ப்புச் செலவை ஈடுகட்ட இந்தியச் சட்டமும் நிர்வாகமும் இரு வேறு வழிகளைக் கையாண்டு வந்துள்ளன. தாய் பணிபுரியும் இடத்திலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஓர் ஆயாவும் ஏற்படுத்தித் தருவது முதல் வழி. பெற்றோர் பள்ளிக்குச் செலுத்திய கட்டணத்தைப் பணமாகத் திருப்பித் தருவது இரண்டாவது வழி. முதல் வழி மெல்லத் தேய்ந்து இரண்டாவது வழி வலுப்பெற்ற வரலாற்றை ஆராய நெய்வேலி பொருத்தமான களமாகும். ஒரே நிறுவனத்தின் சுரங்கம் ஒரு சட்டத்தின் கீழும் அனல் மின் நிலையம் வேறொரு சட்டத்தின் கீழும் 2025 வரை வந்ததோடு, நிரந்தரத் தொழிலாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் ஒரே வாயில் வழியாக வேலைக்குச் செல்லும் ஊராகவும் அது இருக்கிறது.

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே நெய்வேலியின் தொடக்கம். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் எட்டப்பட்டது. வட்டம் என்று எண்ணிட்டு வகுக்கப்பட்ட நகரியத்தில் குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றை நிறுவனமே அமைத்ததால், நிரந்தரப் பணியாளரின் குடும்பச் செலவில் ஒரு பகுதி தொடக்கம் முதலே ஊதியத்துக்கு வெளியே ஈடுசெய்யப்பட்டது.

பணியிடக் காப்பகம் என்ற எண்ணம் நெய்வேலியை விடப் பழையது. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த அரச ஆணையம் 1931இல் அளித்த அறிக்கையில் அதை வலியுறுத்தியது. 1946இல் சுரங்கங்களுக்கென்று காப்பக விதிகள் வந்தன. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், பெண்கள் பணிபுரியும் சுரங்கங்களில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தகுந்த அறைகள் ஒதுக்கப்பட வேண்டும் என விதிகள் இயற்ற 58ஆம் பிரிவில் வழி செய்தது. மின் நிலையங்களுக்குப் பொருந்திய 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 50 பெண்களுக்கு மேல் பணிபுரிந்தால் காப்பகம் வேண்டும் என 48ஆம் பிரிவில் கூறியது. 1976இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. குழந்தைகளுக்கு இலவசமாகப் பாலோ சிற்றுண்டியோ தரவும், இடையிடையே தாய் வந்து பாலூட்டிச் செல்ல வசதி செய்யவும் மாநில அரசு விதி வகுக்கலாம் என்றும் அப்பிரிவு கூறியது. கட்டணம் என்ற பேச்சே இச்சட்டங்களில் எழவில்லை. செலவு முழுவதும் முதலாளியுடையது என்பதே அவற்றின் அடிப்படை.

ஆனால் இந்த உரிமை பெண் தொழிலாளரின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணிக்கையை வேறொரு சட்டப்பிரிவு குறைத்தது என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான முடிச்சு. சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியதோடு, தரைக்கு மேலும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே அவர்களைப் பணியமர்த்த அனுமதித்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவும் இரவுப் பணியைத் தடுத்தது. நெய்வேலியோ திறந்தவெளிச் சுரங்கம். சக்கர வடிவில் வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் மண்ணை வெட்ட, கன்வேயர் பெல்ட் இரவும் பகலும் ஓட, மூன்று ஷிப்டுகளிலும் ஆள் தேவைப்பட்ட இடம். சுழற்சி முறையில் இரவு ஷிப்டுக்கு வர முடியாதவரை அத்தகைய பணிகளில் அமர்த்த நிர்வாகம் முன்வராது. பெண்ணைக் காக்க எழுதப்பட்ட பிரிவு அவளைப் பணியிலிருந்தே விலக்க, குழந்தையைக் காக்க எழுதப்பட்ட பிரிவு பயனாளி இல்லாமல் நின்றது. தொழிற்சாலைகளில் இரவுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில், பாதுகாப்பு நிபந்தனைகளுடன், செல்லாததாக்கியது. சுரங்கங்களில் அத்தடை தளர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒப்பந்தத் தொழிலாளர் நிலை தனியே நோக்கத்தக்கது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தையொட்டி 1971இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், 20 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் ஒப்பந்த முறையில் வேலை செய்யும் இடத்தில் அவர்களுடைய குழந்தைகளுக்கு இரண்டு அறைகள் வேண்டும் என்றன: ஒன்று விளையாட, மற்றொன்று தூங்க. விளையாட்டறையில் போதிய பொம்மைகள், படுக்கையறையில் கட்டிலும் விரிப்பும் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு அவ்விதி நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தது. துப்புரவு, தோட்டப் பராமரிப்பு போன்ற வேலைகளில் ஒப்பந்த முறையில் பெண்கள் அமர்த்தப்படுவது தொழில் நகரங்கள் பலவற்றின் வழக்கம். எனவே தேவை அதிகமாக இருந்த இடத்துக்கே விதி எழுதப்பட்டது எனலாம். எனினும் அவ்விதியின்படி பொறுப்பு ஒப்பந்ததாரருடையதாக இருந்தது. ஒப்பந்தமோ குறுகிய காலத்தது. வேலையிடங்கள் சிதறிக் கிடப்பவை. ஓரிடத்தில் இருபது பெண்கள் என்ற கணக்கு எளிதில் கைநழுவக் கூடியது என்பதை விதியின் அமைப்பே காட்டுகிறது.

நகரியத்துக்கு வெளியே மந்தாரக்குப்பம், வடக்குத்து போன்ற ஊர்களில் வாழும் குடும்பங்களுக்குக் கைகொடுத்தவை அரசின் பொதுத் திட்டங்களே. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இன்றைய அங்கன்வாடிகளுக்கு அடித்தளமிட்டன. அங்கே கட்டணம் கிடையாது. ஆயினும் சோறும் முன்பருவக் கல்வியுமே அவற்றின் மைய நோக்கங்கள். ஷிப்டு முடியும் வரை கைக்குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அமைப்பாக அவை உருவாக்கப்படவில்லை.

இரண்டாவது வழியான பண உதவி 2008இல் பெருந்திருப்பம் கண்டது. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி, அதுவரை தனித்தனியாக இருந்த கல்விப் படியும் கல்விக் கட்டண ஈடும் இணைக்கப்பட்டு, நர்சரி முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை குழந்தைக்கு ஆண்டுக்கு ரூ.12,000 வரை, இரு குழந்தைகளுக்கு மத்திய அரசு ஊழியர் பெறலாம் என ஆணை வந்தது. இரண்டு செட் சீருடை, ஒரு ஜோடி ஷூ வரை ரசீது காட்டிப் பெற முடிந்தது. 2017 ஜூலையிலிருந்து இந்தப் படி மாதம் ரூ.2,250 ஆனதோடு, ரசீதுகளுக்குப் பதில் பள்ளித் தலைமையின் சான்றே போதும் என்றானது; 2024 ஜனவரியிலிருந்து ரூ.2,812.50. நெய்வேலியில் இது கேந்திரிய வித்யாலயா ஆசிரியருக்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினருக்கும் நேரடியாகப் பொருந்தும். பழுப்பு நிலக்கரி நிறுவனம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் அதிகாரிகளுக்கோ, அடிப்படை ஊதியத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்குள் தமக்கு வேண்டிய படிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறை 2008 நவம்பர் ஆணையால் வந்தது. இதற்கான உச்சவரம்பு அப்போது 50 விழுக்காடு, 2017இல் 35 விழுக்காடு.

வருமான வரிச் சலுகையும் இதே தடத்தில் சென்றது. 80சி பிரிவின் கீழ் இரு குழந்தைகளின் கல்விக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்பதில், விளையாட்டுப் பள்ளி, நர்சரி ஆகியவற்றின் கட்டணமும் அடங்கும் என வரித்துறை தெளிவுபடுத்தியது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவருக்கே இச்சலுகை பயன்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழக அரசு 2009இல் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தச் சட்டம் இயற்றியதும், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்கள் எல்.கே.ஜி.யிலேயே வழங்கப்பட்டதும், 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதும் ஏழைப் பெற்றோரின் சுமையைக் குறைத்த நடவடிக்கைகளாகும். இவையும் பள்ளி வாசலில் தொடங்கும் உதவிகளே.

காப்பகம் என்ற பழைய வழி 2017இல் மறுபிறப்பு எடுத்தது. மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனத்தில் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்கலாம் என்றது. பெண்களை மட்டும் எண்ணிய பழைய கணக்கை விட்டு ஆண், பெண் அனைவரையும் எண்ணியதே இதன் உண்மையான முன்னேற்றம். பெண்களை அமர்த்தாமலிருந்து பொறுப்பிலிருந்து தப்பும் வழி இதனால் அடைபட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தக் கணக்கைத் தொடர்ந்ததோடு, பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும் இடமளித்தன. சிதறிய வேலையிடங்களும் பல ஒப்பந்ததாரர்களும் உள்ள நெய்வேலிக்கு இந்தப் பொதுக் காப்பக ஏற்பாடு மிகவும் ஏற்றது.

ஆக, பணமாக வந்த உதவி குழந்தையை மாணவராகக் கண்ட பிறகே அதற்குச் செலவிட முன்வந்தது. நர்சரிக்கு முந்தைய ஆண்டுகளில்தான் தாய் பெரும்பாலும் வேலையை விட நேர்கிறது. அந்த ஆண்டுகளுக்குக் கல்விப் படியில் இடமில்லை. இதற்கு விதிவிலக்காக ஒரே ஒரு படி உண்டு. மாற்றுத்திறனாளியான பெண் ஊழியருக்குக் குழந்தை பிறந்தது முதல் இரண்டு வயது வரை, குழந்தைப் பராமரிப்புக்கென்றே 2008இல் மாதம் ரூ.1,000 அறிவிக்கப்பட்டு, 2017இல் ரூ.3,000 ஆக்கப்பட்டது. கைக்குழந்தையின் பராமரிப்புக்கும் செலவு உண்டு என்று அரசு ஏற்றுக்கொண்டதற்கு இந்த ஆணையே சான்று. அதை எல்லாப் பெண் ஊழியருக்கும், அவர்களுக்கு முன்பாக ஒப்பந்தப் பெண் தொழிலாளருக்கும் விரிவுபடுத்துவதே நியாயம்.